திருநீறு பூசிய ஃப்ரீசர்

20 பிப்ரவரி 2025, வியாழன். அல் குசைஸ், துபாய்.

பருப்பு இன்றும் சரியாக வேகவில்லை. பால்கனியில் மின்னடுப்பு வைத்துச் சமைப்பவன் கடற்காற்றோடு வழக்காட வேண்டியிருக்கிறது. அரைவேக்காட்டில் இறக்கி உண்டேன். உண்ணத்தக்கதே.

இங்கு வந்து நாற்பதாம் நாள். ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு ஊரில் தனித்திருக்கக் கூடாதென்று மகள் சந்தியா விசா எடுத்து என்னையும் என் மனைவி பஞ்சவர்ணத்தையும் அழைத்துக்கொண்டாள். வந்த அன்றே, துணி துவைக்கும் அறையிலிருந்து ‘பொளக்… பொளக்…’ என்று ஓசை கேட்டது. கதவைத் திறந்தேன். நீலப் பிளாஸ்டிக் டிரம் ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை விஜயபாஸ்கர் பியர் காய்ச்சுகிறார். இதற்கு இந்நாட்டில் இசைவு உண்டா என்று வினவினேன்.

“லைசன்ஸ் இருக்கு மாமா.”

வாங்கிப் படித்தேன். அது கடையில் வாங்குவதற்கானது. காய்ச்சுவதற்கென்று அதில் ஒரு வரியும் இல்லை.

‘மது காய்ச்சும் இடத்தில் உண்ணேன்’ என்று அன்று மாலை விளக்கின் முன் நின்று சொன்னேன். பால்கனி கூரைக்கு வெளியே இருப்பதால் அது வேறிடம் என்று கொண்டேன். பஞ்சவர்ணம் உள்ளேதான் உண்கிறாள். “சபதம் உங்களோடது. எனக்கு முட்டி வலி. தட்ட தூக்கிகிட்டு பால்கனி வரைக்கும் யாரு நடக்கறது?” என்கிறாள். நாற்பத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் அவள் சொன்ன மறுப்புகள் யாவும் இவ்வாறு முட்டியிலேயே முடிந்திருக்கின்றன.

சந்தியா வேளைதோறும் மேசையில் நான்கு தட்டு வைக்கிறாள். என் தட்டில் ஒன்றும் விழுவதில்லை. உண்டு முடிந்ததும் மற்ற மூன்றோடு அதையும் கழுவிக் கவிழ்க்கிறாள். அதில் கழுவ ஒன்றுமில்லை. ஏன் கழுவுகிறாய் என்று நான் கேட்டதில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

காலைப் பதிகம் பாதியில் நின்றது. உள்ளிருந்து ‘ஸ்ஸ்ஸ்…’ என்று ஒரு சீறல். பாம்பென்று பிறர் நினைத்திருக்கலாம். அரபு மண்ணில், யான்பு எண்ணெய்ச் சுத்திகரிப்பாலைக் குடியிருப்பில் இருபத்தாறு ஆண்டு ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் பழுது பார்த்தவனுக்கு அது என்ன ஓசை என்று தெரியும். ஓடினேன்.

மாப்பிள்ளை கையில் டிரில்லிங் மெஷின். எதிரே பழைய ஃபிரிட்ஜ் ஒன்று, பக்கச் சுவரில் துளையோடு. துளையிலிருந்து கேஸ் பீறிக்கொண்டிருந்தது. அவர் அதை விரலால் அடைத்துக்கொண்டு மறு கையைச் சுவர் ஸ்விட்ச்சை நோக்கி நீட்டினார்.

“சுச்ச தொடாதடா! தீப்புடிக்கிற கேஸ்டா அது! ஜன்னல தொற!”

சன்னலைத் திறந்தார். கேஸ் முழுதும் போனது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

திருமணமாகிப் பதினோராண்டில் மாப்பிள்ளையை நான் ‘டா’ போட்டு அழைத்ததில்லை. ‘வாங்க’, ‘சாப்பிட்டீங்களா’ என்ற இரண்டையும் தாண்டி அவரோடு பேசியதே இல்லை எனலாம். இன்று ஒரே மூச்சில் இருமுறை ‘டா’. அவர் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. “சரி மாமா” என்றார். “சாரி மாமா” என்றும் சொன்னார்.

என்ன செய்ய முற்பட்டீர்கள் என்று கேட்டேன். பியரைப் பாட்டிலில் அடைக்காமல் எஃகுப் பீப்பாயில் ஊற்றி, அதற்குக் ‘கெக்’ என்று பெயராம், அதை ஃபிரிட்ஜுக்குள் நிறுத்தி, சுவரில் குழாய் பொருத்தி, கடையில் போல் திருகிப் பிடிப்பதாம். ஆறு மாதத் திட்டம். கேஸ் செல்லும் கண்டென்சர் டியூப் சுவருக்குள் ஓடும் என்பது ஆறு மாதத்தில் அவருக்குத் தெரியவில்லை.

24 பிப்ரவரி, திங்கள்

அலுவலகம் சென்று திரும்பிய மாப்பிள்ளை, துளைபட்ட ஃபிரிட்ஜின் முன் வெகுநேரம் அமர்ந்திருந்தார். நான் பால்கனிக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜை.

26 பிப்ரவரி, புதன். மகாசிவராத்திரி.

உபவாசம். இன்று ஒருநாள் நான் உண்ணாதது வீட்டில் யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை. சந்தியாவும் உண்ணவில்லை. தியானத்தில் அமர்ந்தேன். மனம் கண்டென்சரில் போய் நின்றது. இழுத்து வந்தேன். மறுபடியும் போயிற்று.

2 மார்ச், ஞாயிறு

ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். காய்ச்சுவது வேறு, குளிர்விப்பது வேறு. காய்ச்சுதல் நான் விலக்கியது. குளிர்வித்தலோ நான் செய்து பிழைத்த தொழில்; அதில் மகளைப் படிக்க வைத்தேன், மணம் செய்து கொடுத்தேன். ஒரு பெட்டியை நான்கு டிகிரியில் நிறுத்துவதால் யாரும் கெட்டுப்போவதில்லை.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். “பெட்டி என் பொறுப்பு. உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்பது உங்கள் பொறுப்பு. அதை நான் பார்க்கவும் மாட்டேன்.”

“பாக்காம எப்படி மாமா உள்ள பிட் ஆவுதான்னு அளப்பீங்க?”

நியாயமான கேள்வி. அளக்கும்போது மட்டும் பார்ப்பதென்று திருத்திக்கொண்டேன்.

5 மார்ச், புதன்

துளைபட்ட ஃபிரிட்ஜைப் பற்றவைக்க இயலாது. டியூப் சுவரின் வெப்பத்தடுப்பு நுரைக்கு உள்ளே கிடக்கிறது. வேறு வேண்டும். மாப்பிள்ளை காரில் சார்ஜா சென்றோம். ஆரிப் அங்கே பழைய ஃபிரிட்ஜ் கடை வைத்திருக்கிறார். கூத்தாநல்லூர்க்காரர். யான்புவில் என் அறையில் பக்கத்துக் கட்டில்.

நோன்பு மாதம். கடை வாசலில் முகம் வாடி அமர்ந்திருந்தவர், என்னைக் கண்டதும் எழுந்து கட்டிக்கொண்டார். படுத்த வாக்கில் ஒரு ஃப்ரீசர் வேண்டும், குழாய் பொருத்துவதற்கு என்றேன்.

“கொழாயா? என்னத்துக்குண்ணே?”

நோன்பு மாதத்தில், மது விலக்கப்பட்ட சார்ஜா மண்ணில், ஐவேளை தொழும் ஒருவர் முகத்தைப் பார்த்து அச்சொல்லைச் சொல்ல நா எழவில்லை.

“பானகத்துக்கு” என்றேன். “பங்குனி உத்திரம் வருகிறது. இங்கே நான் சேர்ந்து பதிகம் ஓதும் முற்றோதல் குழு முப்பது பேருக்கு.”

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

ஆரிப் உள்ளே போய், உள்ளதில் நல்ல ஃப்ரீசரைத் தாமே தள்ளிக்கொண்டு வந்தார். விலை கேட்டேன். கையை உதறினார். “நன்மைக்குப் போற சாமானுக்குக் காசு வாங்குனா என் நோன்பு என்னத்துக்குண்ணே ஆவும்? எடுத்துட்டுப் போங்க. உத்திரத்துக்கு நானும் வந்து ஒரு கிளாஸ் குடிக்கிறேன்.”

ஃப்ரீசரை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அல் நஹ்தா சிக்னலில் மாப்பிள்ளை கேட்டார். “இப்ப என்ன மாமா பண்றது?”

“குழாய் இரண்டு வையுங்கள்” என்றேன். “ஒன்று பானகத்துக்கு.”

பொய் சொன்னேன். அறுபத்தெட்டு வயதில். அதை மெய்யாக்க ஒரு குழாயும் ஒரு பீப்பாயும் தேவைப்படும்.

8 மார்ச், சனி

இன்று நிகழ்ந்ததை எழுதவே தயக்கமாக இருக்கிறது.

இவ்வகை ஃப்ரீசரில் உட்சுவரில் குளிர்க்குழாய் ஓடும். வெளிச்சுவரில் வெப்பக்குழாய் ஓடும். முன்னது பனி படிந்து தன்னைக் காட்டிவிடும். பின்னது காட்டாது. துளையிடுமுன் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மாவுக் குழைவைச் சுவரில் பூசிக் கம்ப்ரசரை ஓட விட்டால், டியூப் செல்லும் தடம் மட்டும் முதலில் காயும். யான்புவில் கடலை மாவு வைத்திருப்போம். இங்கே மாவைச் சந்தியா தரவில்லை. “சாப்பாட்டுப் பொருள என்கிட்ட கேக்காதீங்கப்பா. அதான் உங்களுக்கு ஆகாதே.”

என்னிடம் இருந்தது திருநீறு. ஈரத்தில் சாம்பல் நிறம், காய்ந்தால் வெண்மை. இதைவிடத் தக்க பொருள் இல்லை. கிண்ணத்தில் குழைத்து முன்சுவர் முழுதும் பூசினேன். கம்ப்ரசர் ஓடியது. இருவரும் எதிரே சம்மணமிட்டு அமர்ந்து காத்திருந்தோம்.

முதல் கோடு வெளுத்தது. கிடையாக. அதன்கீழே இரண்டாவது. அதன்கீழே மூன்றாவது. மூன்றும் சம இடைவெளி.

“மாமா…” என்றார் மாப்பிள்ளை. “பட்டை.”

“தெரிகிறது.”

“ட்ரில் எங்க போடறது?”

முதற்கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் இடையில், நட்ட நடுவில் ஒன்று. அதன் வலப்புறம் நான்கு அங்குலம் தள்ளி இன்னொன்று. நடுவில் இட்டது எங்கே அமைந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. கேஸ் கசியவில்லை.

பஞ்சவர்ணம் காபியோடு வந்தாள். ஃப்ரீசரைக் கண்டாள். காபியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதன்பிறகே “இது என்னது?” என்று கேட்டாள்.

நடைப்பயிற்சியில் ஒரு குறள் வெண்பா அமைந்தது.

குளிர்பெட்டி நெற்றியில் கோடுமூன் றிட்டான்
களியாமற் காத்த சிவன்.

தளை தட்டவில்லை. சரிபார்த்தேன்.

16 மார்ச், ஞாயிறு

வேலை முடிந்தது. தெர்மோஸ்டாட் நான்கு டிகிரியில் நிற்கிறது. பானத்தை நுரையோடு மேலே தள்ளும் கேஸ் சிலிண்டர், இரண்டு குழாய், கீழே சிந்துவதை ஏந்த ஒரு தட்டு. இடக்குழாய் பானகம், வலக்குழாய் மாப்பிள்ளையுடையது. இருவரும் நின்று பார்த்தோம். நன்றாகச் செய்திருந்தோம். “மாமா, நீங்க இல்லன்னா நான் இன்னும் நாலு ஃபிரிட்ஜ கொன்னுருப்பேன்” என்றார். சிரித்தேன் போலும்.

அப்போது சந்தியா வந்து நின்றாள்.

“ஏம்ப்பா. இதுக்கு ஃப்ரீசர் செஞ்சு தரலாம். ட்ரில் போட்டுத் தரலாம். அவர ‘டா’ன்னு கூப்புடலாம். என் கையால ஒரு வாய் சோறு மட்டும் சாப்பிடக் கூடாது. அப்படித்தானே?”

“சபதம் அம்மா.”

உள்ளே போனாள். நான்கு தட்டுகளும் கழுவப்படும் ஓசை கேட்டது.

17 மார்ச், திங்கள்

என்னத்தச் சபதம்? யாருக்காக? அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்க முடியல. ஆனா சொன்னது சொன்னதுதானே. விளக்கு முன்னாடி நின்னு சொல்லிட்டு இப்ப இல்லேன்னா — பொய் ஏற்கெனவே ஒண்ணு சொல்லியாச்சு. ரெண்டாவதும் வேணுமா?

31 மார்ச், திங்கள்

நேற்றுப் பெருநாள். வாழ்த்துச் சொல்ல ஆரிப்பை அழைத்தேன். “உத்திரம் என்னைக்குண்ணே?” என்றார். ஏப்ரல் பதினொன்று வெள்ளிதான் உத்திரம், ஆனால் எல்லோருக்கும் விடுமுறை ஞாயிறு; பதின்மூன்றாம் தேதி என் வீட்டிலேயே முற்றோதல் என்றேன். “படைச்சது எனக்கு வாணாம், கோச்சுக்காதீங்க. கொழாயிலேருந்து நேரா ஒரு கிளாஸ் புடிச்சுக் குடுங்க.” அவ்வாறே என்றேன்.

11 ஏப்ரல், வெள்ளி. பங்குனி உத்திரம்.

உத்திர நாளில் கரைத்ததே உத்திரப் பானகம். ஆதலால் இன்று விடியலிலேயே கரைத்தேன். ஆறு கிலோ வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை. பஞ்சவர்ணம் எதிர்த்தாள். “பானகம் அன்னன்னைக்குக் கரைக்கறதுங்க. ரெண்டு நாளைக்கு முன்னாடி யாரு கரைப்பா?” முட்டியைக் குறிப்பிடவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

பீப்பாய் மாப்பிள்ளையுடையது, முன்பு பியர் இருந்தது. சானிடைசர் ஒன்றைக் கொண்டுவந்து, “இத ஊத்திக் கழுவலன்னா புளிக்க வைக்கிற ஈஸ்ட் போகாது மாமா” என்றார். கடவுளுக்குப் படைப்பது; வேதிப்பொருள் ஆகாது என்று மறுத்தேன். புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்து, கங்கை நீர் தெளித்துத் தூய்மை செய்தேன்.

பியர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் அதை நிறுத்தவும் மனம் ஒப்பவில்லை. ஞாயிறு காலைதான் ஃப்ரீசருக்குள் செல்லும். அதுவரை பால்கனியில், என் அடுப்புக்கு அருகே, துணி போர்த்தி வைத்திருக்கிறேன். வெயில் முப்பத்தாறு டிகிரி.

“உள்ள வச்சுரலாம் மாமா, ப்ளீஸ்” என்றார் மாப்பிள்ளை. இருமுறை சொன்னார்.

13 ஏப்ரல், ஞாயிறு

முற்றோதல் காலை ஆறரைக்குத் தொடங்கிப் பிற்பகல் இரண்டுக்கு நிறைந்தது. முப்பத்திரண்டு பேர். வந்தவர்கள் ஃப்ரீசரைக் கண்டு வியந்தனர். மூன்று கோட்டைத் துடைக்காமல் விட்டிருந்தேன்.

படையலுக்கென ஒரு செம்பு பிடித்தேன். நுரை பொங்கி எழுந்தது. நம் கேஸ் சிலிண்டரின் வேலை என்று எண்ணிப் பெருமிதம் கொண்டேன். படைக்குமுன் சுவைத்துப் பார்க்கும் வழக்கம் நமக்கில்லை. சுவைக்கவில்லை.

படைத்த செம்பிலிருந்து முதல் குவளை குழுத் தலைவர் சேதுமாதவன் ஐயாவிடம் சென்றது. எழுபத்திரண்டு வயது. ஏழரை மணி நேரம் ஓதி வறண்ட தொண்டை. ஒரே மூச்சில் குடித்தார்.

“அம்மையப்பன் ஐயா, சுக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கோ? நெஞ்சுல கதகதன்னு எறங்குது.” இன்னொரு குவளை கேட்டார். மூன்றாவதும் கேட்டார். அதன்பின், நிறைவடைந்த பதிகத்தை இன்னொரு முறை தொடங்கினார். வேறு பண்ணில்.

குழாயருகே நின்ற மாப்பிள்ளை குவளையை மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கோ கண்டிருக்கிறேன். துளையிலிருந்து கேஸ் சீறிய அன்று என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

அந்நேரம் வாசலில் ஆரிப். வெள்ளைச் சட்டை, அத்தர் மணம். “எங்கண்ணே என் கிளாஸு?” யாரோ அதற்குள் ஒரு குவளையை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். உயர்த்தினார்.

மாப்பிள்ளை அறையைக் குறுக்கே கடந்தார். தரைவிரிப்பில் கால் தடுக்கி, ஆரிப் மேல் முழுதாக விழுந்தார். குவளை பறந்தது. பானகம் முழுவதும் மாப்பிள்ளையின் சட்டையில். தடுக்கும்படி அந்த விரிப்பில் ஒன்றுமில்லை. நான் விரித்த விரிப்பு அது.

எழுந்தார். “மன்னிச்சுக்குங்க, கேஸ் லீக் ஆவுது, பானகம் தீந்துபோச்சு. அஞ்சு நிமிஷம்” என்று கூட்டத்துக்கு அறிவித்தார். குழாயைப் பூட்டினார். அதே ஈரச் சட்டையோடு கீழே கடைக்கு ஓடி, இரண்டு கைகளிலும் மோர்ப் பாட்டில்களோடு திரும்பினார். ஆரிப் மோர் குடித்தார்.

எல்லோரும் போன பின் துணி துவைக்கும் அறைக்கு அழைத்துச் சென்றார். நீண்ட கண்ணாடிக் குடுவையில் பானகத்தை ஊற்றி, ஒரு மிதவையை விட்டார். பொய் சொல்லத் தெரியாத கருவி அது. எண்ணைப் படித்து ஆல்கஹால் அளவைக் கணக்கிட்டார்.

“நாலு பர்சென்ட் மாமா.”

“உங்களுடையது எவ்வளவு?”

“நாலரை.”

எதற்காக விழுந்தீர்கள் என்று கேட்டேன். சட்டையைப் பிழிந்தபடியே சொன்னார்: “அவருக்கு நீங்க குடுத்த வாக்கு மாமா அது.”

வெண்பாவின் ‘களியாமற் காத்த’ ஈற்றடியை அடித்துவிட்டேன்.

14 ஏப்ரல், திங்கள். சித்திரை முதல் நாள்.

சேதுமாதவன் ஐயாவை அழைத்து நிகழ்ந்ததை மறைக்காமல் சொன்னேன்.

“மூணு குவளையா?”

“மூன்று.”

“நேத்து ராத்திரி மாத்திரை போடாமத் தூங்கினேன் ஐயா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம். பாவம் உங்க கணக்குல இருக்கட்டும். தூக்கம் என் கணக்குல.” அடுத்த முற்றோதலுக்கு நான் பானகம் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார்.

ஆரிப்பைத் தேடிச் சார்ஜாவுக்கு நானே பேருந்தில் போனேன். ஃப்ரீசர் எதற்கென்று சொன்னேன். குவளையில் இருந்தது என்னவென்றும் சொன்னேன்.

“பானகத்துக்கு எவண்ணே ஃப்ரீசர்ல ஓட்ட போடுவான்?” என்றார். “நீங்க அன்னைக்கு வாயத் தொறந்தப்பவே தெரியும். இருவது வருஷம் ஒரே ரூம்ல கெடந்தோம். நீங்க பொய் சொல்லி நான் பாத்ததில்ல. பானகம்னு வாய் விட்டுட்டா பானகம் ஊத்தாம உங்களால இருக்க முடியாதுன்னும் தெரியும். அதான் குடுத்தேன். ஆனா நீங்களே காய்ச்சுவீங்கன்னு… அது மட்டும் தெரியாம போச்சு.” சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர். பிறகு, “உங்க மருமவன் நல்ல பையண்ணே. என் மேல வுழுந்தப்ப வெலா எலும்பு நசுங்கிப் போச்சு” என்றார்.

15 ஏப்ரல், செவ்வாய்

சொன்ன சொல்லை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். ‘மது காய்ச்சும் இடத்தில் உண்ணேன்.’ காய்ச்சப்பட்ட இடம் பால்கனி. என் அடுப்புக்கு அருகே, என் துணி போர்த்தி. காய்ச்சியவன் நான். ஆகவே பால்கனியில் இனி உண்ணலாகாது.

துணி துவைக்கும் அறையைப் போய்ப் பார்த்தேன். நீல டிரம்மைக் காணவில்லை. கேட்டேன். “நானும் அந்த லைசன்ஸ எடுத்துப் படிச்சேன் மாமா. அதுல காய்ச்சலாம்னு ஒரு வரி இல்லதான்” என்றார். இடக்குழாயில் இனி மோர். வலக்குழாயில் என்ன வரப்போகிறது என்று நான் கேட்கவில்லை.

மதியம் மின்னடுப்பைத் துடைத்து அதன் பெட்டிக்குள் வைத்தேன். கைகழுவினேன். மேசையில் வழக்கம்போல் நான்கு தட்டு. என்னுடையதன் முன் அமர்ந்தேன்.

பஞ்சவர்ணம் பார்த்தாள், அப்பளத்தை என் பக்கம் நகர்த்தினாள். மாப்பிள்ளை மோர் பிடிக்க எழுந்து போனார். சந்தியா கரண்டியோடு நின்றாள், வெகுநேரம். பிறகு பரிமாறினாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கூட்டு. பருப்பு நன்றாக வெந்திருந்தது. கூட்டில் உப்புச் சற்று மிகுதி. சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

உண்டு முடித்தபின் அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். குழாயடியில் நெடுநேரம் நின்றாள். இன்று என் தட்டில் கழுவ ஏதோ இருந்தது.